முடி சூடிய வங்கப் பெண்புலி

ஓட்டப் பந்தயத்திலே முந்தி ஓடுபவர் வெல்கிறார். பாரம் தூக்கும் போட்டியிலே மிகுந்த பாரத்தைத் தூக்குபவர் வெல்கிறார். இவற்றில் யார் வென்றார் என்பதை அறியப் பெரிய நிபுணத்துவம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால், வலிமையும் வேகமும் வேண்டும், அவற்றைப் பெறுவதற்குப் பட்ட பாடு மட்டும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே கூடாது என்று விதிக்கின்ற விளையாட்டும் ஒன்று உண்டு. அதுவே மகளிர் ஆடும் 'றிதமிக் ஜிம்னாஸ்டிக்'. தமிழில் அதனை லய ஜிம்னாஸ்டிக் என்று வழங்கலாம்.

அந்த விளையாட்டிலே 2016ஆம் ஆண்டில் உலகின் தலைசிறந்த வீராங்கனையாக முடிசூடியவர் மாகரிட்டா மாமூன். ரஷ்ய நாட்டின் சார்பில் ஆடிய அவருடைய பெயரின் பிற்பாதி வங்கத்துப் பெயராக இருப்பதைக் கண்டு வாசகர் வியப்படையலாம். அவருடைய தந்தையார் பங்களாதேஷைச் சேர்ந்தவர். ஆகவே இது மொஸ்கோ நகரத்துக் கதையாயினும், அதன் வேர்களில் ஒன்று நமது அயலிலே உள்ளது.

நான்கு கருவிகள், நான்கு சோதனைகள்

முதலில் விளையாட்டின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். 13 மீற்றர் நீளமும் 13 மீற்றர் அகலமும் உள்ள விரிப்பொன்றிலே வீராங்கனை தனியே வந்து நிற்கிறார். இசை எழுகிறது. ஒன்றேகால் நிமிடத்துக்குக் குறையாமலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேற்படாமலும் அவர் ஆடி முடித்தல் வேண்டும். கையிலே ஒரு கருவி இருக்கும். வளையம், பந்து, ஒரு சோடிக் கட்டைகள், நாடா என்று கருவிகள் நான்கு. நான்கு முறை ஆடிப் பெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும்.

கட்டைகள் என்பன, உடற்பயிற்சிக்கு உதவும் கர்லாக்கட்டையைச் சிறிதாக்கி மெலிதாக்கினாற் போன்றவை. நாடாவோ ஒரு சிறு கோலின் நுனியிலே கட்டப்பட்ட 6 மீற்றர் நீளப் பட்டுத்துணி. அது முடிச்சு விழாமலும் தரையிலே துவளாமலும் ஓயாது அலைந்துகொண்டே இருத்தல் வேண்டும். கருவியை உயர எறிந்துவிட்டு, அது கீழே வருவதற்குள் நிலத்திலே இருமுறை புரண்டெழுந்து, திரும்பியும் பாராமல் முதுகுப்புறத்திலோ பாதத்தினாலோ அதனை ஏற்றுக்கொள்வது இவ்விளையாட்டில் வழக்கமாகக் காணப்படும் வித்தை. கருவி நழுவித் தரையில் விழுந்தால் புள்ளி குறையும்; விரிப்பைக் கடந்து ஓடிவிட்டால் மேலும் குறையும்.

சோவியத் நாட்டிலே வளர்ந்து வளம்பெற்ற இந்தக் கலைக்கு 1963ஆம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்திலே முதலாவது உலகப் போட்டி நடந்தது. ஒலிம்பிக் விழாவில் இடங்கிடைக்க மேலும் 21 ஆண்டுகள் சென்றன. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த முதற் போட்டியிலே, சோவியத் நாடும் பல்கேரியாவும் பங்குபற்றாத நிலையில், கனடாவைச் சேர்ந்த லோரி ஃபங் தங்கப் பதக்கம் பெற்றார். 2000ஆம் ஆண்டு தொடக்கம் தனிநபர் தங்கம் ரஷ்ய நாட்டின் முதுசொம் போலவே ஆகிவிட்டது. பார்சுக்கோவா, கபாயெவா, இருமுறை வென்ற கனாயெவா என்று அந்த வரிசை நீண்டது. கனாயெவா 2012ஆம் ஆண்டு இலண்டன் வெற்றியோடு ஓய்வு பெற்றபோது, அடுத்து அந்த இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்பதே எல்லோருடைய கேள்வியாக இருந்தது.

மொஸ்கோவில் ஒரு வங்கக் குடும்பம்

மாகரிட்டா 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆந் திகதி மொஸ்கோவிலே பிறந்தார். தந்தையார் அப்துல்லா அல் மாமூன் பங்களாதேஷின் ராஜ்சாகிப் பகுதியைப் பிறப்பிடமாகக் கொண்டவர். கப்பற் பொறியியல் கற்றவர். தாயார் அன்னா ரஷ்யப் பெண்மணி. இளமையிலே தாமும் லய ஜிம்னாஸ்டிக் பயின்றவர். மகளை ஏழு வயதிலே பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றவர் அவரே.

ஏழு வயது என்பது இந்த விளையாட்டிலே மிக முந்திய வயதன்று. நான்கு, ஐந்து வயதிலேயே தொடங்கிவிடும் குழந்தைகள் ரஷ்யாவில் ஏராளம். எனினும் மாகரிட்டாவின் நீண்ட கைகால்களும் இசையோடு ஒன்றிவிடும் இயல்பும் பயிற்சியாளரின் கண்ணில் படாமற் போகவில்லை. சிறுமியர் பிரிவிலே அவர் ஒரு காலம் தந்தையாரின் தாய்நாடாகிய பங்களாதேஷின் சார்பில் ஆடியதும் உண்டு. பின்னர், தாம் பிறந்து வளர்ந்த ரஷ்யாவின் சார்பில் ஆடுவதென்று முடிவாயிற்று.

மொஸ்கோவுக்கு அணித்தாகவுள்ள நோவகோர்ஸ்க் பயிற்சி நிலையத்திலே அவர் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் அமீனா சரிப்போவா. இந்த அம்மையார் 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியிலே நான்காம் இடத்தைப் பெற்றவர். மூன்று பதக்கங்களும் பிறர் கழுத்தில் விழுவதை அருகில் நின்று பார்த்த ஒருவருக்கு, ஒரு சிறு பிழையின் விலை என்னவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை அன்றோ! இவர்கள் அனைவருக்கும் மேலே, ரஷ்ய அணியின் தலைமைப் பயிற்சியாளராக இரினா வீனர் இருந்தார். கடுமைக்குப் பேர்போன அவரே மாகரிட்டாவுக்கு 'வங்கப் பெண்புலி' என்ற பட்டப்பெயரைச் சூட்டியவர்.

எப்போதும் இரண்டாவது

பெயரிலே புலி இருந்தாலும் அந்தப் புலி முதலிடத்தைப் பற்றுவதற்குப் பலகாலம் காத்திருக்க நேர்ந்தது. 2013ஆம் ஆண்டு கசான் நகரிலே நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் மாகரிட்டா தங்கம் வென்றார். முடிசூட வேண்டியவர் இவரே என்று பலரும் எண்ணினர். ஆயினும் அதே ஆண்டு கீவ் நகரில் நடந்த உலகப் போட்டியிலே அவர் தடுமாறி ஆறாம் இடத்துக்கு இறங்கினார். முதலிடத்தைப் பெற்றவர் அவருடைய அணியைச் சேர்ந்தவரும், அப்போது 16 வயது தானும் நிரம்பாதவருமான யானா குத்ரியாவ்ச்சேவா.

யானாவை 'இரும்புச் சிறகுகள் கொண்ட தேவதை' என்று அழைத்தனர். மென்மையான தோற்றமும் எதற்கும் கலங்காத உறுதியும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. 2014ஆம் ஆண்டு துருக்கியின் இஸ்மிர் நகரத்து உலகப் போட்டியிலே யானா முதலாவது, மாகரிட்டா இரண்டாவது. 2015ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஸ்டுட்காட் நகரத்திலும் அதே வரிசை. ஒரே நாட்டுக் கொடியின் கீழ், ஒரே பயிற்சி நிலையத்திலே, நாள்தோறும் கண்முன்னே பயிலும் ஒருவரிடம் திரும்பத் திரும்பத் தோற்பது எளிதான காரியமன்று. வேற்று நாட்டுப் போட்டியாளரிடம் தோற்றவர் ஊர் திரும்பி மறந்துவிடலாம். மாகரிட்டாவுக்கு அந்த ஆறுதலும் இல்லை. மறுநாட் காலையிலே அதே விரிப்பிலே, அதே தோழியின் பக்கத்திலே, மீண்டும் பந்தை எறிந்து பிடிக்க வேண்டியிருந்தது.

பயிற்சிக் கூடத்தின் மறுபக்கம்

போலந்து நாட்டுப் பெண் இயக்குநர் மார்த்தா புரூஸ் எடுத்த 'ஓவர் த லிமிட்' என்னும் விவரணப் படம் 2017ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ரியோ ஒலிம்பிக் போட்டிக்கு முந்திய மாதங்களில் மாகரிட்டாவின் வாழ்வு எப்படி இருந்தது என்பதை அது மறைக்காமற் காட்டுகிறது. அரங்கிலே புன்னகையும் பட்டும் மின்னும் பெண், பயிற்சிக் கூடத்திலே வசைமொழிகளைக் கேட்டு வாய்திறவாமல் நிற்கிறார். நீ மனிதப் பிறவி என்பதை மறந்துவிடு, வீராங்கனையாக மட்டும் இரு என்னும் பொருள்படத் தலைமைப் பயிற்சியாளர் கடிந்துகொள்கிறார். இவ்வளவு கடுமை இன்றித் தங்கம் கிடையாதா என்ற கேள்வி படம் பார்ப்பவர் நெஞ்சிலே எழாமல் இராது.

இதற்கிடையிலே வீட்டிலிருந்து மற்றொரு துயரமும் வந்து சேர்ந்தது. தந்தையாரைப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. நோயின் கொடுமையை அறிந்துகொண்டே மகள் பயிற்சியைத் தொடர்ந்தார். தந்தையின் படுக்கையருகே இருப்பதா, தந்தையும் சேர்ந்து கண்ட கனவை முடித்து வருவதா என்ற இக்கட்டு இருபது வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதைப் பெற்றோராயுள்ள வாசகர் நன்கு உணர்வர்.

ரியோ நகரில் அந்த நாள்

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 20ஆந் திகதி, பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரிலே இறுதிப் போட்டி நடந்தது. அந்நாளைய விதிப்படி ஒரு கருவிக்குப் பெறக்கூடிய அதிகபட்சப் புள்ளி 20. முதலில் வளையம். யானாவுக்கு 19.225, மாகரிட்டாவுக்கு 19.050. அடுத்துப் பந்து. யானாவுக்கு 19.250, மாகரிட்டாவுக்கு 19.150. பாதிப் போட்டி முடிந்தபோது யானா 0.275 புள்ளியால் முன்னே நின்றார். இஸ்மிரிலும் ஸ்டுட்காட்டிலும் நிகழ்ந்ததே இங்கும் நிகழப்போகிறது என்று பார்த்தவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

மூன்றாவது, கட்டைகள். யானா வழக்கம்போல் ஆடினார். நிகழ்ச்சி முடியுந் தறுவாயிலே எறிந்த கட்டைகளில் ஒன்று கைக்கு எட்டாமல் தரையில் விழுந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அந்தச் சறுக்கல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியிலே வந்து வாய்த்தது. யானாவுக்குக் கிடைத்தது 17.883. மாகரிட்டாவோ பிழையின்றி ஆடி 19.050 புள்ளிகளைப் பெற்றார். அந்த ஒரு கணத்திலே வரிசை தலைகீழாயிற்று.

எஞ்சியது நாடா. முன்னணியில் நிற்பவருக்குத் தோன்றும் அச்சம், பின்தங்கி நிற்பவருக்குத் தோன்றும் அச்சத்தைவிடக் கொடியது. மாகரிட்டா அதற்கு இடங்கொடுக்கவில்லை. 19.233 புள்ளிகள், அன்றைய நான்கு ஆட்டங்களிலும் அவர் பெற்ற அதிகபட்சப் புள்ளி அதுவே. யானாவும் மனந்தளராது ஆடி 19.250 பெற்றார். கூட்டிப் பார்க்கையிலே மாகரிட்டா 76.483, யானா 75.608. உக்ரேன் நாட்டு அன்னா ரிசத்தினோவா 73.583 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

இங்கே மாணவர்கள் கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. நான்கு கருவிகளில் மூன்றிலே கூடுதலான புள்ளி பெற்றவர் யானாவே. மாகரிட்டா முந்தியது ஒன்றிலே மாத்திரம். ஆயினும் அவர் நான்கிலும் 19 புள்ளிக்குக் கீழே இறங்கவில்லை. இதனை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வோர் உளர். தோழியின் கை தவறியது தற்செயல் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தற்செயல் நிகழ்ந்த வேளையிலே தம் கை தவறாதிருந்தது தற்செயலன்று. அது, இரண்டாம் இடத்திலே நின்ற காலமெல்லாம் சோர்ந்துவிடாமற் பயின்றதன் பயன்.

பதக்கமும் கண்ணீரும்

தங்கப் பதக்கத்தோடு மாகரிட்டா மொஸ்கோ திரும்பினார். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இறுதிப் போட்டி முடிந்து ஒரு வாரம் நிறைவதற்குள் தந்தையார் அப்துல்லா அல் மாமூன் காலமானார். மகளுக்கு வாழ்த்துக் கூறத் திரண்ட உலகம், அதே வாரத்தில் அவருக்கு அனுதாபமும் கூற நேர்ந்தது.

பங்களாதேஷ் மக்கள் இந்த வெற்றியைத் தம் வீட்டுப் பெண்ணின் வெற்றியாகவே கொண்டாடினர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழா முடியும்வரை அந்நாடு ஒலிம்பிக் பதக்கம் எதனையும் பெற்றதில்லை என்பதை நினைவிற் கொண்டால், அந்தப் பெருமிதத்தின் காரணம் விளங்கும்.

ரியோவோடு இருவர் காலமும் முடிவை நெருங்கியது. காலிலே ஏற்பட்ட காயங்களால் வருந்திய யானா 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டிலே மாகரிட்டாவும் போட்டிகளிலிருந்து விலகினார். நீச்சல் வீரர் அலெக்சாந்தர் சுகொருக்கோவை மணந்து இல்லறத்திலே புகுந்தார். அப்போது அவருக்கு வயது 21. மற்றத் தொழில்களிலே மனிதர் காலடி எடுத்து வைக்கும் வயதிலே, இந்த விளையாட்டு ஒருவருடைய வாழ்க்கையின் முதற் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறது. அவருக்குப் பின் அந்த மகுடம் ரஷ்யாவை விட்டும் நீங்கியது. 2021ஆம் ஆண்டு டோக்கியோவிலே இஸ்ரேல் நாட்டு லினோய் அஷ்ராம் தங்கம் வென்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே, ரஷ்யாவில் பிறந்து 12 வயதிலே ஜேர்மனிக்குச் சென்ற தார்யா வர்போலமேயெவ் ஜேர்மனிக்காக வென்றார்.

மாகரிட்டாவின் கதையிலே பெற்றோருக்கு ஒரு செய்தி உண்டு. பிள்ளையின் திறமையைக் கண்டு அதனை வளர்த்தல் கடமை. ஆனால் அந்தத் திறமைக்காகப் பிள்ளையின் மனத்தை உடைப்பது எந்தப் பதக்கத்தாலும் ஈடுசெய்யக்கூடியதன்று. அவர் வென்றார் என்பதற்காக அவர் பட்ட வசையெல்லாம் சரியாகிவிடாது. மாணவருக்கும் ஒரு செய்தி உண்டு. வகுப்பிலே எப்போதும் இரண்டாம் இடத்திலே நிற்பவரைத் தோற்றவர் என்று எண்ணுகிறோம். முதலிடத்துக்குரிய ஆயத்தம் முழுவதும் அங்கேதான் நடைபெறுகிறது என்பதை எண்ணுவதில்லை. அந்த இடத்திலே பொறுமையோடு நின்ற பெண் ஒருத்தி, தனக்குரிய ஒன்றரை நிமிடம் வந்தபோது நடுங்காத கைகளோடு அதனை ஏற்றுக்கொண்டாள்.