உறுமியின் ஓசையும் உரியவரின் பெயரும்: 'கலா' தொகுப்பை நெல்லையிலிருந்து கேட்டல்

சொல்லிசைக் கலைஞர் ஒருவரின் வளர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது? விற்பனையும் விருதும் மட்டும் அளவுகோல் ஆகா. எவருடைய ஓசையைத் தம் பாடலுக்குள் கொண்டுவந்தார், அவர்களுக்கு என்ன இடம் தந்தார் என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறோம். எம்.ஐ.ஏ. என்று உலகறிந்த ஈழத் தமிழ்க் கலைஞர் மாதங்கி அருள்பிரகாசம் 2007-ல் வெளியிட்ட 'கலா' இதற்குத் தக்க சான்று.

2005-ல் வந்த அவரது முதல் தொகுப்பு 'அருளர்', தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கியது. அதன் தாளங்களுள் பல ஒரு சிறிய மின்னணுக் கருவியில் உருவானவை. தாயின் பெயரைத் தாங்கிய 'கலா' வேறு வழியில் பிறந்தது. 2006-ல் அமெரிக்க விசா மறுக்கப்பட்டதும், அவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனப் பல நாடுகளில் பாடல்களை உருவாக்கினார். சென்னையில் உறுமிக் கலைஞர்களின் வாசிப்பைப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களுக்கு அந்த முழக்கமே முதுகெலும்பு. அங்கே உறுமி ஒப்பனை அன்று. குரல் அதனோடு மோதித்தான் முன்னேற வேண்டியிருக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலோ, புலம்பெயர்ந்தோரைச் சந்தேகிக்கும் பார்வையை எள்ளி நகையாடுகிறது. தன் கதையிலிருந்து பிறர் கதைக்கு விரிந்ததையே அவரது வளர்ச்சியாகக் காண்கிறோம்.

ஆனால் நம் மண்ணில் தோல்கருவிக்குச் சாதியின் வரலாறு உண்டு. சாவுக்குப் பறையடிக்கும் கட்டாய ஊழியத்தைத் தலித் மக்கள் மறுத்தனர்; பின்னர் அதே பறையை விடுதலையின் கருவியாக மீட்டெடுத்தனர். ஆகவே ஓசை உலக மேடை ஏறினால் மட்டும் போதாது. வாசித்தவரின் பெயரும் ஊதியமும் உடன் ஏற வேண்டும். 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலைக் கொண்டாடிய 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ், பாடலை எழுதிப் பாடிய அறிவின் முகமின்றி அட்டையை வெளியிட்டது. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி மின்-அட்டை வந்தது. பெயர் விடுபடுவது சிறு பிழை அன்று என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

தாமிரபரணிக் கரையில் ஓசைக்குப் பஞ்சமில்லை. சுடலைமாடன் கொடைகளில் கணியான் கூத்தின் மகுடம் இரவெல்லாம் முழங்குகிறது. அக்கூத்தில் பெண் வேடத்தையும் மரபாக ஆண்களே ஏற்கின்றனர். இம்மண்ணில் சொல்லிசை பாட எழும் ஒரு பெண் இரட்டைத் தடையைக் கடக்க வேண்டும்: கருவியின்மேல் சுமத்தப்பட்ட சாதி இழிவு ஒன்று, மேடையில் மறுக்கப்பட்ட இடம் மற்றொன்று.

கல்லூரி விழாக்களில் பாடும் மாணவியருக்கு 'கலா' தரும் பாடம் இரண்டு. அருகில் ஒலிக்கும் கருவியைத் தேடிச் செல்லுங்கள். அதனை வாசித்தவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழையுங்கள். முதலாவதில் கலை வளரும். இரண்டாவதில் நீதியும் வளரும்.