யந்திரம் சொல்லும் எண்

கலியாண வீட்டுக்கு வாழ்த்துத் தந்தி அடித்தவர்களுக்கு நினைவிருக்கும். வாழ்த்து வாசகம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை. தந்தி இலாகாவின் பட்டியலைப் பார்த்து, வாசகத்துக்குரிய எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும். போய்ச் சேருகிற ஊரில் அது முழு வாக்கியமாக மாறி மணமக்கள் கைக்குப் போகும். 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. ஆனால் எண்ணுக்குள் வாக்கியத்தை ஒளித்து வைக்கும் ஏற்பாடு கம்ப்யூட்டருக்குள் இன்றும் இருக்கிறது. இங்கே வருவது மட்டும் வாழ்த்து அல்ல, ‘முடியாது’ என்ற மறுப்பு!

பாங்குக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் இன்று தரவுத்தளங்களில் இருக்கின்றன. தகவல்களை அட்டவணைகளாக அடுக்கி, ஒன்றை மற்றொன்றோடு உறவுபடுத்தும் முறையை 1970-ல் வெளியிட்டவர் ஐ.பி.எம். கம்பெனியில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.எல். சர்வர், டி.பி.2 எல்லாம் அவர் காட்டிய வழியில் வந்தவையே. கேட்ட காரியத்தைச் செய்ய முடியாதபோது இவை ஓர் எண்ணைச் சொல்லி நின்றுவிடும்.

ஏற்கெனவே இருக்கும் கணக்கு எண்ணில் குமாஸ்தா இன்னொரு கணக்கைப் பதியப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆரக்கிள் 00001 என்கிறது. மைஎஸ்கியூஎல் 1062 என்கிறது. எஸ்.கியூ.எல். சர்வர் 2627 என்றும், டி.பி.2 கழித்தல் குறியோடு 803 என்றும், போஸ்ட்கிரெஸ் 23505 என்றும் சொல்லும். குற்றம் ஒன்று, எண்கள் ஐந்து! எந்தக் கம்பெனியின் எண் என்று தெரியாமல் அர்த்தம் தேடினால் ஊர் பெயர் இல்லாத விலாசத்தைத் தேடின கதைதான். இதற்காகவே ஐந்து எழுத்தில் ஒரு பொது எண்ணும் ஏற்பட்டது. இதை அஞ்சல் பின்கோடு போலப் படிக்கலாம். முதல் இரண்டு எழுத்து இனத்தைக் காட்டும், மற்ற மூன்று உட்பிரிவை. 08 என்றால் இணைப்பில் கோளாறு. 28 என்றால் நுழைய அனுமதியில்லை. 23 என்றால் பதிவு விதியை மீறியது. மைஎஸ்கியூஎல் தன் 1062-க்குப் பக்கத்திலேயே 23000 என்றும் போட்டுவிடுகிறது.

அகராதிக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் எண்களின் விளக்கத்தை வெளியிட்டிருக்கிறது. ஆரக்கிள் விளக்கத்தில் காரணம், செய்ய வேண்டிய காரியம் என்று இரண்டும் இருக்கும். எஸ்.கியூ.எல். சர்வரோ பிழைச் செய்திகளையே ஓர் அட்டவணையாக உள்ளே வைத்திருக்கிறது, அதனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அகராதியை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஆரக்கிளின் 00942-க்கு ‘அப்படி ஓர் அட்டவணை இல்லை’ என்பது பொருள். புதிதாக வேலைக்கு வந்தவர், “நேற்றுத்தானே பார்த்தேன்!” என்று தலையில் கை வைப்பார். அட்டவணை இருக்கத்தான் செய்கிறது. அதைப் பார்க்கும் உரிமை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். உரிமையில்லாதவனிடம் ‘இருக்கிறது, ஆனால் காட்ட மாட்டேன்’ என்று சொல்வதே ஒரு துப்புக் கொடுத்ததாகும் அல்லவா?

எஸ்.கியூ.எல். சர்வரின் 18456-ம் இந்த ரகந்தான். நுழைவு மறுக்கப்பட்டது என்று சொல்லும். பெயர் தப்பா, ரகசியச் சொல் தப்பா என்று சொல்லாது. வாசலில் நிற்கும் திருடனிடம், “வீடு சரி அப்பா, சாவிதான் தப்பு” என்று யாராவது சொல்வார்களா? உண்மைக் காரணம் சர்வரின் குறிப்பேட்டில் நிலை எண்ணாகப் பதிவாகியிருக்கும். 5 என்றால் பெயர் தப்பு, 8 என்றால் ரகசியச் சொல் தப்பு. அதைப் பார்க்க நிர்வாகியின் தயவு வேண்டும்.

இதையெல்லாம் தொல்லையென்று நினைத்து, எந்தப் பிழை வந்தாலும் பேசாமல் இரு என்று நிரலில் எழுதிவிடுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். திரையில் ‘பதிவாயிற்று’ என்று வரும். உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது. மாதக் கடைசியில் ஒருவர் பெயர் சம்பளப் பட்டியலில் இல்லாதபோதுதான் விஷயம் வெளிப்படும். அப்போது தேடுவதற்கு எண்ணும் இருக்காது.

எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதும் உண்டு. ஆரக்கிளில் 06512 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள் முழுதும் அலைபவர் பலர். அது நோயின் பெயரல்ல; நிரலில் எந்த வரியில் வலித்தது என்று சொல்வது மட்டுமே. நோய் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் கிள்ளி எடுக்காமல், வந்த வரிகளையெல்லாம் அப்படியே எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

சில எண்கள் பயமுறுத்தினாலும் சாதுக்கள். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நகர முடியாமல் நின்றால், எஸ்.கியூ.எல். சர்வர் ஒன்றைப் பலியிட்டு மற்றதைப் போகவிடும். பலியானதற்கு வரும் எண் 1205. மறுபடி செய்து பார் என்று அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது.

ஆரக்கிளின் 00600 வேறு ஜாதி. யந்திரம் தன் உள்ளேயே எதிர்பாராத நிலையில் சிக்கிவிட்டது என்று பொருள். அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்னும் சில குறிகள் வரும். கம்பெனிக்கு எழுதும்போது அவற்றில் ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.