அமெரிக்க எல்ம் மரமும் சாலை நிழலும்

ஒரு மரத்தைச் சாலையோரத்தில் நடுவதற்கு முன், அது அவ்விடத்து மண்ணையும் குளிரையும் வறட்சியையும் தாங்குமா என்று ஆராய்வது வழக்கம். இவ்வாராய்ச்சி இன்றியமையாதது, ஆயினும் அது மட்டும் போதாது என்பதை வட அமெரிக்காவின் எல்ம் மரம் உணர்த்துகிறது.

அமெரிக்க எல்ம் அக்கண்டத்தின் கிழக்குப் பகுதிக்கு உரியது. ஆற்றோரத்து ஈர மண்ணில் இயற்கையாகச் செழித்து, முப்பது மீட்டர் உயரம் வரை வளர்கிறது. அடிமரம் சற்று உயரத்தில் சில பெருங்கிளைகளாகப் பிரிந்து, பூச்சாடியைப் போல் மேல்நோக்கி விரியும். இலைகள் இரம்பப் பல் போன்ற விளிம்புடையன. இலையடியின் இரு பக்கங்களும் சமமாக இரா. கடுங்குளிர், சில நாள் வெள்ளம், நகரத்தின் இறுகிய மண் ஆகிய மூன்றையும் இம்மரம் தாங்கும். சாலையின் இருமருங்கும் நட்டால் கிளைகள் நடுவே கூடி விதானம் அமைக்கும். எனவே பல நகரங்களில் இம்மரமே வரிசை வரிசையாக நடப்பட்டது.

1930-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தில் டச்சு எல்ம் நோய் காணப்பட்டது. ஹாலந்து நாட்டு விஞ்ஞானிகள் முதலில் ஆராய்ந்தமையால் இந்நோய் அப்பெயர் பெற்றது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான எல்ம் கட்டைகளுடன் அது அமெரிக்காவை அடைந்தது. நோய்க்குக் காரணம் ஒருவகைப் பூஞ்சணம். பட்டைக்கடியில் வாழும் வண்டுகள் அதன் வித்துகளை மரத்திற்கு மரம் சுமந்து செல்கின்றன. பூஞ்சணம் பரவாதிருக்க மரம் தன் நீர்க்குழாய்களையே அடைத்துக்கொள்கிறது. நீர் எட்டாத கிளைகள் கோடையிலேயே வாடிவிடுகின்றன. நெருங்கி நின்ற மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தமையால், வண்டின் உதவியின்றியும் நோய் அடுத்த மரத்திற்குச் சென்றது. நிழல் தந்த வரிசையே நோய் செல்லும் வழியாயிற்று.

எல்ம் மடிந்த இடங்களில் பல நகரங்கள் பச்சை ஆஷ் மரத்தை நட்டன. அதுவும் உள்நாட்டு மரம், விரைந்து வளர்வது, குளிரையும் வறட்சியையும் பொறுப்பது. மீண்டும் ஒரே மரம் மிகுந்தது. 2002-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரருகே, மரகதம் போல் மின்னும் வண்டு ஒன்று கண்டறியப்பட்டது. கிழக்காசியாவைச் சேர்ந்த இவ்வண்டின் புழுக்கள் ஆஷ் மரத்தின் உட்பட்டையைத் தின்று, உணவு செல்லும் வழியைத் துண்டிக்கின்றன. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் மடிந்தன.

இருமுறையும் மரம் மண்ணுக்கு ஏற்றதாகவே இருந்தது. ஒன்றையே மிகுதியாக நட்டதுதான் பிழை. அமெரிக்க தேசிய மரத் தோட்டத்தைச் சேர்ந்த பிராங்க் சாந்தமூர் 1990-இல் ஓர் அளவு வகுத்தார். நகர மரங்களில் ஒரே இனம் நூற்றுக்குப் 10, ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30 என்னும் வரம்பைத் தாண்டலாகாது என்பது அது. நோயைப் பொறுக்கும் எல்ம் வகைகளை அத்தோட்டம் 1995-இல் வெளியிட்டது. இவற்றையும் தனித்து நடாமல், வறட்சி தாங்கும் பர் ஓக், ஈரநிலத்திற்கு ஏற்ற செம்மேப்பிள் முதலியவற்றுடன் கலந்து நடுதல் நலம்.

மாணவர்கள் தம் ஊர்ச் சாலை மரங்களை இனவாரியாக எண்ணி, நூற்றுவீதம் கணக்கிடுவார்களாயின், அந்நிழல் எத்துணை உறுதியானது என்பது தெளிவாக விளங்கும்.