ஜனாதிபதி தேர்தலும் நமது மலைகளும்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் தேதி, ஆடி பிறந்து ஐந்தாம் நாள், திரௌபதி முர்மு அம்மையார் பாரத நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற செய்தி சேலத்துக்கு எட்டியது. நாடு சுதந்திரம் அடைந்து எழுபத்தைந்து ஆண்டு நிறையும் தறுவாயில், பழங்குடி மக்களில் ஒருவர் முதன்முறையாக அந்த ஸ்தானத்தை அடைந்தார். செய்தி கேட்டு நாம் மகிழ்ந்தோம். ஆயினும் அந்த மகிழ்ச்சியினூடே ஒரு கூச்சமும் நம் உள்ளத்தில் எழுந்தது. அதன் காரணத்தை எண்ணிப் பார்க்க நமக்குச் சில காலம் பிடித்தது. அதையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முடிவைப் பற்றி எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அம்மையாருக்கு 6,76,803 மதிப்புள்ள வோட்டுகளும், எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹாவுக்கு 3,80,177 மதிப்புள்ள வோட்டுகளும் கிடைத்தன. கட்சிகளின் பலத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் முன்னரே சொன்ன கணக்குத்தான். பழங்குடி மக்களில் ஒருவரான சங்மா 2012ஆம் ஆண்டிலேயே இந்த ஸ்தானத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அன்று தோற்கச் செய்ததும் கட்சிக் கணக்கு. பத்தாண்டுக்குப் பின் வெல்லச் செய்ததும் கட்சிக் கணக்கே. அப்படியிருந்தும் இந்த முடிவை வெறும் கணக்கென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

1947ஆம் ஆண்டில் காந்தியடிகள் ஓர் ஆசையை வெளியிட்டார். துப்புரவுத் தொழில் செய்யும் குலத்தில் பிறந்த ஒரு பெண் இந்தியக் குடியரசின் முதல் ஜனாதிபதியாக வேண்டும் என்பதே அது. அக்காலத்துப் பெரியவர்கள் பலர் அதை ஒரு மகானின் கனவு என்று வணங்கிவிட்டு, தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விட்டார்கள். 1997இல் நாராயணன் அம்மாளிகையில் புகுந்தபோது அக்கனவு சிறிது பலித்தது. 2007இல் பிரதிபா பாட்டீல் அம்மையாரால் மேலும் சிறிது பலித்தது. 2022இல், ஒடிஸாவின் மயூர்பஞ்ச் ஜில்லாவில் உபர்பேடா என்னும் சிற்றூரில் சந்தால் குலத்தில் பிறந்து, ராய்ரங்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து, 1997இல் அவ்வூர் நகர சபையில் அங்கத்தினராகிப் பொதுவாழ்வைத் தொடங்கிய ஒரு பெண்மணியால் அது பெரிதும் பலித்தது.

அந்த மாளிகை நம் சேலத்துக்காரர்களுக்கு அந்நியமானதன்று. அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட ராஜாஜி, 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரையில் கவர்னர் ஜெனரலாக அங்கு வாசம் செய்தார். சமவெளியிலிருந்து அங்கு செல்ல வழி உண்டு என்பதை அன்றே கண்டோம். மலையிலிருந்தும் வழி உண்டு என்பதைக் காண இன்னும் எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

மலை என்றதும் நம் கூச்சத்தின் காரணம் விளங்குகிறது. சேலம் நகரில் எந்தத் தெருவில் நின்றாலும் வடக்கே சேர்வராயன் மலை தெரியும். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து வயல்களில் நின்றால் கொல்லிமலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். வல்வில் ஓரியின் மலை என்று அதைப் போற்றுகிறோம். ஆடிப் பதினெட்டை ஒட்டி அவனுக்கு விழாவும் எடுக்கிறோம். ஆனால் அம்மலையில் இன்று வாழும் மக்களைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு? மலையாளி என்ற அவர்கள் பெயரைக் கேட்டு, கேரளத்தார் போலும் என்று எண்ணும் படித்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

நம் சிறு பிராயத்தில் மலையடிவாரத்துச் சந்தைக்கு அவர்கள் மிளகும் பலாவும் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். பொழுது சாய்வதற்குள் மலையேற வேண்டுமென்ற அவர்களது அவசரம் நமக்குத் தெரியும்; ஆகவே பொழுது சாயும் வரையில் பேரம் பேசுவோம். அதைச் சாமர்த்தியம் என்று பெரியவர்கள் மெச்சுவார்கள், நாமும் அதைக் கற்றுக்கொண்டோம். ஒரு சந்தால் பெண்மணி ஜனாதிபதியானதைக் கொண்டாடிய மாலையில் நமக்கு நினைவு வந்தது அந்தச் சந்தைதான்.

இனி, தேர்தலைப் பற்றி வாசகர்களில் பலர் கவனியாத ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 தொகுதிகளில் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று சேலம் ஜில்லாவில் ஏற்காடு. மற்றொன்று நாமக்கல் ஜில்லாவில் சேந்தமங்கலம். இரண்டும் நம்முடையவை. ஜனாதிபதி தேர்தலில் தமிழ்நாட்டுச் சட்டசபை அங்கத்தினர் ஒருவருடைய வோட்டின் மதிப்பு, 1971ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, 176. 2021இல் ஏற்காட்டில் வென்றது அண்ணா தி.மு.க.; சேந்தமங்கலத்தில் வென்றது தி.மு.க. முந்திய கட்சி முர்மு அம்மையாரை ஆதரித்தது. பிந்திய கட்சி சின்ஹாவை ஆதரித்தது. வோட்டுச்சீட்டு இரகசியமாயினும் கட்சிகளின் தீர்மானம் பகிரங்கமானது. ஆகவே, பழங்குடிப் பெண்மணி ஒருவர் ஜனாதிபதியாக நின்றபோது, நம் ராஜ்யத்தின் இரண்டு மலைத் தொகுதிகளும் கட்சிக்கொன்றாய் எதிரெதிரே நின்றன. மலைவாசிகளின் விருப்பம் இன்னதென்று யாரும் கேட்கவில்லை. இதற்காக எந்தக் கட்சியையும் நாம் குறை கூறவில்லை. மலைக்குக் கிடைத்த கௌரவத்தையும் சமவெளிதான் நிர்ணயித்தது என்பதை மாத்திரம் குறிப்பிடுகிறோம்.

கௌரவம் பெரிதுதான், ஆனால் கௌரவம் மாத்திரம் விளக்கேற்றாது. அம்மையார் பிறந்த உபர்பேடாவிலேயே ஒரு குடியிருப்பில் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரையில் மின்சாரம் இல்லை. அவர் அபேட்சகர் என்று அறிவிக்கப்பட்ட பிறகுதான் அங்கு அவசர அவசரமாகக் கம்பம் நட்டார்கள். விளக்கு வேண்டுமானால் ஒவ்வொரு மலைக்கிராமமும் ஒரு ஜனாதிபதியைப் பெற்றுத்தர வேண்டுமா?

அரசியல் சட்டம் இம்மக்களைப் பற்றி இரண்டு அதிகாரங்களை ஜனாதிபதியின் பெயரில் வைத்திருக்கிறது. ஷெட்யூல்டு பழங்குடியினர் யார் யார் என்று ராஜ்யந்தோறும் அறிவிப்பது ஒன்று. அப்பட்டியலைப் பிறகு திருத்துவது பார்லிமெண்டின் வேலை. பட்டியலில் மலையாளிகள் பழைய சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை, வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களுக்கு மாத்திரம் இடம் பெற்றார்கள். கோயமுத்தூர் ஜில்லாவாக இருந்து ஈரோடு ஜில்லாவான பகுதியில், பர்கூர் மலையில் வாழ்பவர்கள், தாங்களும் அதே மக்கள் என்று நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். ஜில்லா எல்லை மனிதனுடைய குலத்தை மாற்றுவது விந்தையே. திருத்தம் இயலாத காரியமன்று. நரிக்குறவர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறி, இந்த ஜனாதிபதியின் ஒப்பத்துடனேயே சட்டமாயிற்று.

மற்றோர் அதிகாரம், பழங்குடி மக்கள் செறிந்து வாழும் நிலப்பரப்பை ஐந்தாம் ஷெட்யூலின் கீழ்த் தனிப் பகுதியாக அறிவிப்பது. பத்து ராஜ்யங்களில் அத்தகைய பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் மலைகள் எவையும் அதில் சேரவில்லை. ஆகையால் நிலம், காடு, கனிவளம் பற்றி அங்கே கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கும் உரிமைகள் நம் மலைகளுக்கு எட்டவில்லை.

ஜனாதிபதி மந்திரிகளின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவர் என்பதை அறிவோம். ஆனாலும் பதவியிலிருப்பவரின் மனச்சாட்சிக்கு வேலையே இல்லை என்பது சரியன்று. அம்மையார் ஜார்க்கண்ட் கவர்னராக இருந்தபோது, பழங்குடியினரின் நில உரிமைச் சட்டங்களைத் திருத்தும் மசோதாக்கள் வந்தன. தம் கட்சியின் அரசாங்கமே கொண்டுவந்த அவற்றை 2017இல் அவர் திருப்பி அனுப்பினார். நாம் அவரிடம் வைக்கும் நம்பிக்கைக்கு அதுவே ஆதாரம்.

எனினும் பொறுப்பை முழுவதும் டில்லியின் மீது சுமத்திவிட்டு நாம் கைகழுவுதல் தகாது. மந்திரிகள் ஆலோசனை சொல்லவேண்டும். மந்திரிகளைச் சொல்லவைக்க வேண்டியவர்கள் அங்கத்தினர்கள். அங்கத்தினர்களைக் கேட்கவேண்டியவர்கள் நாம். தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இந்தத் தொகை எக்காலத்திலும் தனியே எந்த அரசாங்கத்தையும் அசைத்துவிடாது. மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் சேர்ந்து கேட்டாலன்றி அந்த ஒருவருடைய குரல் மலையைவிட்டு இறங்கப் போவதில்லை.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அருவி பார்க்கவும் அறப்பளீசுவரரைத் தரிசிக்கவும் நாம் அவற்றைக் கடந்து போகிறோம். அடுத்த முறை போகும்போது, நம் ஊர் அங்கத்தினரிடம் கேட்பதற்கு அம்மக்களின் கோரிக்கை ஒன்றையாவது கேட்டறிந்து இறங்குவோமாக. சந்தையில் அவர்களிடம் மிளகு வாங்கும்போது பொழுது சாய்வதற்குள் விலையைக் கொடுத்து அனுப்புவோமாக. ஜனாதிபதி தேர்தலின் முடிவை நாம் மெய்யாகவே கொண்டாடினோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.