ஒரே ஒரு பனியனில் உங்க போட்டோ!
பிலிமில் அச்சு, சூட்டில் ஒட்டு - துவைத்தால் நிற்குமா?

திருப்பூர்:-

"பையனுக்குப் பொறந்த நாளுங்க. பனியன்ல அவன் பேரும் போட்டோவும் போடணும். ஒண்ணே ஒண்ணு போதும்!"

முன்பெல்லாம் அச்சுப் பட்டறையில் போய் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். "ஏனுங்க, ஒண்ணா? நூறு பீசாவது கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. "போட்டோவை போன்ல அனுப்புங்க. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ‘டி.டி.எப்.' என்ற மூன்று எழுத்து. படத்தை நேராகத் துணியில் அடிக்காமல், முதலில் பிலிமில் அடித்து, பிறகு சூடு வைத்துத் துணிக்கு மாற்றும் முறை இது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பக்குவமாக அடித்த படம் பல மாதம் துவைத்தாலும் அப்படியே நிற்கும். அவசரத்தில் அடித்த படம் இரண்டாவது துவைப்பிலேயே தோல் உரியும். கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும்!

நூறு பீஸ் ஏன்?

பட்டறைக்காரர்கள் நூறு பீஸ் கேட்டது வீம்புக்காக அல்ல. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி சட்டம் வேண்டும். சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்ட வேண்டும். மருந்து பூசி, வெளிச்சத்தில் காட்டி, கழுவ வேண்டும். நாலு கலர் படம் என்றால் நாலு சட்டம். கறுப்புத் துணி என்றால் அடியில் வெள்ளை அடிக்க இன்னொரு சட்டம்.

இந்தச் செலவை நூறு பனியனில் பிரித்துப் போட்டால் தெரியாது. ஒரே பனியன் மீது போட்டால்? பனியன் விலையைவிட அச்சுக் கூலி அதிகமாகிவிடும்!

பிலிம் முறையில் சட்டமே கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் படம் நேராக பிலிமில் இறங்கிவிடும். ஒன்றானாலும் சரி, ஒன்பதானாலும் சரி.

தலைகீழ் வேலை!

பிலிமில் படம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறித்தான் அச்சாகும். முதலில் கலர் மை இறங்கும். அதற்கு மேல் வெள்ளை மை. மை ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் வெள்ளைத் தூள் ஒன்றைத் தூவுகிறார்கள். பார்த்தால் உப்புத்தூள் மாதிரி இருக்கும். இதுதான் பசை. ஈரமான இடத்தில் மட்டும் ஒட்டும். மிச்சத்தை உதறிவிடுவார்கள்.

பிறகு பிலிமைச் சூடு காட்டினால் தூள் உருகிப் படத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்தப் பிலிமைத் துணி மேல் கவிழ்த்து வைத்து, ஹீட் பிரஸ் மிஷினில் அழுத்துவார்கள். பருத்தித் துணிக்குச் சுமார் 150 முதல் 160 டிகிரி சூடு. பத்துப் பதினைந்து நொடி. பிலிமை உரித்தால் படம் துணியில்!

கவிழ்த்து வைத்ததால் வெள்ளை அடிக்குப் போய்விடும். கலர் மேலே வந்துவிடும். கறுப்பு பனியனிலும் முகம் பளிச்சென்று தெரிவதன் ரகசியம் இந்த வெள்ளைதான்.

சூட்டில் கலர் ஏற்றும் பழைய ‘சப்ளிமேஷன்' முறையில் இந்த வசதி இல்லை. அது பாலியஸ்டர் துணியில்தான் பிடிக்கும். அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்க வேண்டும். பிலிம் முறை பருத்தி, பாலியஸ்டர், கலப்புத் துணி எல்லாவற்றுக்கும் ஆகும். தொப்பிக்கும் ஆகும், அதற்கு வளைந்த பிரஸ் தனியாக வேண்டும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பையிலும் தாம்பூலப் பையிலும் மணமக்கள் பெயர் போட வேண்டுமா? இருபது முப்பது பை என்றால் பிலிமிலேயே போட்டுக்கொள்ளலாம். ஒரே கலரில் ஐந்நூறு பை என்றால் பழைய ஸ்கிரீன்தான் இன்றும் கட்டுப்படியாகும்.

தீபாவளி லீவு பயம்

வாடிக்கையாளருக்குச் சுகம், மிஷின் வைத்திருப்பவருக்கோ தலைவலி. வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. கனமான பொருள். சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். அதைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் கொஞ்சமாவது அச்சடிக்க வேண்டும்.

தீபாவளிக்குத் திருப்பூரில் பட்டறைகள் பல நாள் மூடிக்கிடக்கும். தொழிலாளிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். கவனிக்காமல் மிஷினை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மை தெறிக்கும் நுண்ணிய துளைகள் அடைத்திருக்கும். புது ‘ஹெட்' மாற்றப் பல ஆயிரம் ரூபாய். தீபாவளி லாபம் அதிலேயே போய்விடும்!

மழைக்காலம் இன்னொரு தொல்லை. காற்றில் ஈரம் ஏறினால் தூள் படத்தில் மட்டும் ஒட்டாமல் பிலிம் முழுக்க ஒட்டும். தூளும் புகையும் மூச்சுக்கு ஆகாது. முகமூடியும், புகையை வெளியே தள்ளும் மின்விசிறியும் கட்டாயம் வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு என்று பலர் அச்சு மிஷின் வாங்குவதே இல்லை. மிஷின் வைத்திருப்பவரிடம் மீட்டர் கணக்கில் பிலிமை அடித்து வாங்கிக்கொள்கிறார்கள். கடையில் ஒரு ஹீட் பிரஸ் மட்டும். ஆள் வந்ததும் படத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சிறு முதலில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி.

வெள்ளை நம்பர் ரோஸ் ஆனது ஏன்?

சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை நம்பர் போட்டு வாங்குகிறது ஒரு கபடி குழு என்று வைத்துக்கொள்வோம். வாங்கும்போது வெள்ளை வெளேர். சில நாளில் பார்த்தால் நம்பர் ரோஸ் கலர்!

மையில் குற்றம் இல்லை. சூடு அதிகமானால் பாலியஸ்டரில் உள்ள சாயம் ஆவியாகிக் கிளம்பி வெள்ளைக்குள் ஏறிவிடும். பாலியஸ்டருக்குச் சூட்டைக் குறைக்க வேண்டும். சாயத்தைத் தடுக்கும் தனித் தூளும் இருக்கிறது. கடைக்காரரிடம் "இது பாலியஸ்டருங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காசு கொடுக்குமுன்...

துணியை லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல அச்சு துணியோடு இழுபட்டுத் திரும்பும். வெடிப்பு தெரிந்தால் வேலை சரியில்லை.

ஓரத்தை நகத்தால் மெல்ல நெருடிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

படத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதா? தூளைச் சரியாக உதறவில்லை.

நெஞ்சு முழுக்கப் பெரிய கட்டமாகப் படம் கேட்காதீர்கள். காற்று போகாது. வெயிலில் பிளாஸ்திரி ஒட்டியது போல வேர்க்கும். இடைவெளி விட்ட படமே உடம்புக்குச் சுகம்.

ஒரு நாள் கழித்துத்தான் துவைக்க வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். துவைக்கிற கல்லில் அடிக்கக் கூடாது. பிளீச்சிங் ஆகாது. இஸ்திரிப் பெட்டி படத்தின் மேல் படவே கூடாது.

கம்பி எண்ண நேரும்!

எந்தப் படத்தையும் அடிக்கலாம் என்பதால் எல்லாப் படத்தையும் அடித்துவிட முடியாது. பெரிய கம்பெனியின் முத்திரையைப் போட்டுப் போலிச் சரக்கு விற்றால், 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50 ஆயிரம் ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. ஆசைப்பட்டுக் கேட்பவர்களிடம் "வேண்டாங்க" என்று சொல்லிவிடுவதே கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

பையன் போட்டோவுக்கு அந்தப் பயம் இல்லை. தாராளமாகப் போடலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிலிமை உரித்த பிறகு, மேலே ஒரு தாள் வைத்து இன்னொரு முறை சில நொடி அழுத்தினால் படம் துணியோடு நன்றாகப் பதியும். கூட்டம் அதிகமாக இருக்கும்போது இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். பனியனைக் கையில் வாங்கும்போது, "ரெண்டாவது தடவை அழுத்துனீங்களாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்குக் கூலி ஒன்றும் கூடாது!