பால் இறங்கிய கால்

பிரசவித்த பெண்ணின் ஒரு கால் மட்டும் வீங்கி வெளுத்து, தொட்டால் துடிக்குமளவுக்கு நோவு கண்டுவிட்டால், மார்புக்குப் போக வேண்டிய பால் வழி தவறிக் காலில் இறங்கிவிட்டது என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் கருதி, அந்நோய்க்குப் ‘பால்கால்’ என்றே நாமகரணம் செய்திருந்தார்கள். அங்கே இருந்தது பாலன்று, சிரையை அடைத்துக்கொண்ட இரத்தக்கட்டி என்பதை 1823-இல் லண்டன் பிரசவ வைத்தியரான டேவிட் டேவிஸ் எழுதிக் காட்டினார்.

இரத்தம் உறைவது அதன் குற்றமன்று. நஞ்சு பிரிந்த மறுகணமே தாய் உதிரம் கொட்டி மாண்டுபோகாதிருக்கும் பொருட்டு, உறைவிக்கும் பொருள்களை இயற்கை கர்ப்ப மாதங்களிலேயே சேர்த்து வைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் கனத்த கருப்பை இடுப்புச் சிரைகளை அமுக்குவதால் கால்களில் இரத்தவோட்டம் மந்தகதி அடைகிறது. அதிலும் இடக்காலிலிருந்து ஏறும் சிரை, வலக்காலுக்கு இறங்கும் தமனியின் அடியில் புகுந்து நசுங்குவதால், பெரும்பாலும் கட்டி விழுவது இடக்காலில்தான். இந்நிலையில் சிசேரியனின் கத்தியும், அதன்பின் படுக்கையும் சேர்ந்துகொள்கின்றன. இரத்தக் கொதிப்போ, அதாவது கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பின் 140/90-ஐ எட்டியோ தாண்டியோ, சிறுநீரில் புரதமும் கண்ட கொதிப்பு, குழாய்களின் உட்சுவரையே புண்ணாக்கி, நீரை வெளியே கசியவிட்டு, எஞ்சிய இரத்தத்தைக் குழம்பாக்கிவிடுகிறது.

இப்படி இரத்தம் கட்டாமல் காக்கும் மருந்து ஹெப்பரின் ஊசி. இரத்தத்தை உறைவிக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்த ஜே மக்லீன் என்னும் மாணவர், 1916-இல் பால்டிமோரில், நாயின் ஈரலிலிருந்து அதற்கு நேர் விரோதமானதொன்றைக் கண்டதுதான் இதன் பூர்வ கதை. தாய்ப்பால் வழியே குழந்தைக்குக் கெடுதி செய்யாத இம்மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியுமானால் எவ்வளவு சுலபம்! ஆனால் கடுங்கொதிப்பில், இரத்தத்தை உறைவிக்கும் தட்டணுக்கள் குறைந்துபோவதுண்டு. அடங்காத அழுத்தத்தில் மூளைக்குள் இரத்தம் கசிவதுமுண்டு. முதுகில் மயக்க ஊசி குத்திய இடத்திலும் உதிரம் கட்டலாம். ஆகவே வைத்தியர் முதலில் கொதிப்பை அடக்கி, தட்டணுக்களை எண்ணி, முதுகில் மயக்க மருந்துக்காகச் செருகிய குழாயை எடுத்துச் சில மணி நேரம் பொறுத்து, அதன் பின்னரே ஊசியைத் தொடுகிறார். அதுவரையில் காற்று ஏறி இறங்கும் உறைகள் கெண்டைக்காலை அமுக்கி அமுக்கிக் காவல் காக்கின்றன. கூடிய சீக்கிரம் எழுந்து நாலடி நடப்பதும் அந்தக் காவலில் சேர்ந்ததே. பச்சை உடம்பு, அசையாதே என்று கட்டிலோடு கட்டிப்போடும் பாட்டிமார் இதை மட்டும் மன்னிக்க வேண்டும்.

ஊசியைப் பலருக்குப் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். அபாயமோ ஆறு வாரம்வரை நீங்குவதில்லை. கொதிப்புக்காரிக்கு இரண்டு கால்களுமே வீங்கியிருக்குமாதலால், கண் ஏமாந்துபோகும். அனுபவமுள்ள நர்ஸ் தையற்காரர் நாடாவைக் கெண்டைக்காலில் சுற்றி இரு பக்கமும் அளந்து பார்ப்பாள். ஒரு பக்கம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தாலோ, கட்டி நுரையீரலுக்கு ஏறித் திடீரென்று மூச்சுத் திணறினாலோ, தைலம் பூசி உருவிக்கொண்டிருக்க நேரமில்லை; வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.