மின்சாரம் நின்றாலும் மறவாத அமைப்பு: தர்க்கச் சில்லும் பிளாஷ் நினைவகமும்

ஒரு குறிப்பிட்ட வேலைக்கெனச் செய்யப்பட்ட மின்னணுச் சில்லு அவ்வேலையைத் தவிர வேறொன்றையும் செய்யாது. இதற்கு மாறாக, வெறுமையாக வந்து, உபயோகிப்பவர் விரும்பும் சுற்றமைப்பை ஏற்கும் சில்லுகளும் உண்டு. எப்.பி.ஜி.ஏ. எனப்படும் இவ்வகையில், ஸைலிங்க்ஸ் நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்ஸ்.சி.2064 முன்னோடியாகும். அதில் 64 தர்க்கக் கட்டங்கள் இருந்தன. இன்று அளவுக் கருவிகள், தொலைத்தொடர்புச் சாதனங்கள், கல்லூரி ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றில் இச்சில்லுகள் பரவியுள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான சக்தி செயலியையும் இவற்றில் ஏற்றி இயக்கலாம்.

நினைவகத்தின் தேவை

பெரும்பாலான எப்.பி.ஜி.ஏ. சில்லுகள் தம் அமைப்பை எஸ்.ரேம் என்னும் நினைவகத்தில் வைத்துள்ளன. மின்சாரம் நின்றதும் அது அழிந்துவிடும். கரும்பலகையில் எழுதியது துடைக்கப்பட்டால், ஆசிரியர் குறிப்பேட்டைப் பார்த்து மறுநாள் மீண்டும் எழுதுகிறார் அல்லவா? அக்குறிப்பேட்டின் பணியைப் பிளாஷ் நினைவகம் செய்கிறது. மின்சாரம் வந்தவுடன் சில்லு அதிலுள்ள அமைப்பைத் தானே படித்துக்கொள்கிறது. சில வகைகளில் இந்நினைவகம் சில்லுக்குள்ளேயே இருக்கும். பலவற்றில் அருகே தனியாக இருக்கும்.

அழித்தலும் எழுதுதலும்

பிளாஷ் நினைவகத்தின் இயல்பு ஒன்றை நன்கு அறிதல் வேண்டும். எழுதும்போது ஒரு பிட்டை 1-லிருந்து 0-ஆக மாற்றலாம். 0-ஐ மீண்டும் 1-ஆக மாற்ற எழுதுதல் உதவாது. ஒரு பகுதி முழுவதையும் அழித்தாலன்றி அது கூடாது. ஆகவே முதலில் அழித்தல், பிறகு எழுதுதல் என்பதே முறை.

ஆய்வுக்கூடங்களில் காணப்படும் ஆர்ட்டிக்ஸ்-7 வரிசையின் 35டி சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் முழு அமைப்பு 1,75,36,096 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 22 லட்சம் பைட்டுகள். 64 கிலோபைட் கொண்ட பகுதிகளாக அழித்தால் 34 பகுதிகளை அழிக்க வேண்டும். 256 பைட் கொண்ட பக்கங்களாக எழுதினால் 8,563 பக்கங்களை எழுத வேண்டும். ஒவ்வொரு அழித்தலுக்கும் எழுதுதலுக்கும் முன்னர் எழுத அனுமதிக்கும் கட்டளையை அனுப்ப வேண்டும். பின்னர் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்.ரேமில் நேரே ஏற்றுவதைவிட இதற்கு நேரம் மிகுதியாவதன் காரணம் இதுவே.

கணிப்பொறியிலிருந்து செல்லும் வழி

கணிப்பொறியின் ஜேடேக் கம்பி பொதுவாக எப்.பி.ஜி.ஏ.வோடு மட்டுமே இணைந்திருக்கும். எனவே எழுதும் மென்பொருள் முதலில் ஒரு சிறு இடைத்தரகு அமைப்பைச் சில்லில் ஏற்றுகிறது. அவ்வமைப்பு, கம்பி வழியே வரும் தரவை வாங்கிப் பிளாஷுக்குக் கொடுக்கிறது. அவ்வேளையில் சில்லின் வழக்கமான பணி நின்றுவிடும். இயங்கும் நிலையத்தில் இவ்வேலையைத் தொடங்குமுன் இதனைக் கருதுதல் அவசியம்.

இடையில் மின்சாரம் நின்றால்

பாதி அழிந்த நிலையில் மின்சாரம் நின்றால், மறுமுறை சில்லு பழுதான அமைப்பையே படிக்க நேரும். அமைப்பினுள் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாததால் சில்லு இயங்க மறுக்கும். அருகில் இருந்தால் கம்பியை இணைத்து மீண்டும் எழுதலாம். தொலைவிலுள்ள கருவியாயின் அது செயலற்றுக் கிடக்கும்.

இதனைத் தவிர்க்க இரு அமைப்புகளை வைப்பது நல்ல முறை. சோதித்துத் தேர்ந்த மூல அமைப்பு நினைவகத்தின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, மாற்ற முடியாதபடி பூட்டப்படும். புதியது வேறிடத்தில் எழுதப்படும். புதியது பழுதானால், அவ்வசதியுள்ள சில்லு மூல அமைப்புக்குத் திரும்பிவிடும்.

கவனிக்க வேண்டியவை

1. எழுதுமுன் பிளாஷின் அடையாள எண்ணைப் படித்து, மென்பொருளில் தேர்ந்த வகையோடு ஒப்பிடுக.
2. எழுதியபின் முழுவதையும் திரும்பப் படித்துச் சரிபார்க்க.
3. பின்னர் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்க. பிளாஷில் தரவு சரியாக இருந்தும், போர்டிலுள்ள ஜம்பர் தவறான இடத்தில் இருந்தால் சில்லு அதைப் படிக்காது. இச்சோதனை ஒன்றே அதனைக் காட்டும்.
4. பல பிளாஷ் நினைவகங்களின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 1,00,000 முறை அழிக்கத்தக்கது. வகுப்புப் பயிற்சிகளை எஸ்.ரேமில் நேரே ஏற்றிப் பார்த்து, முடிவான அமைப்பை மட்டும் பிளாஷில் எழுதுக. நேரமும் மிச்சமாகும்.